கூண்டின் முன் ஒரு மாணவி

“என்ன படிக்கிறாய்?” என்று கேட்டால், நம் சங்கத்துத் தோழர்களில் பலர் ஒரு சொல்லில் விடை கூறிவிடுவர். பொறியியல் என்பர், பொருளியல் என்பர், கேட்டவரும் தலையசைத்து அகல்வார். எனக்கு அந்தப் பேறு இல்லை. விலங்கியலில் முதுநிலை என்றால், “மாட்டு வைத்தியமா?” என்கிறார்கள். காட்சிச்சாலையில் அடைபட்டு வாழும் விலங்குகளின் வாழ்க்கையை ஆராயும் துறை என்று விளக்கினால் சிரிக்கிறார்கள். விடுமுறைக்குத் திருநெல்வேலி சென்றிருந்தபோது, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட என் ஆச்சி, “ஏட்டி, புலிக்கு இரை போடுததுக்கா இம்புட்டுத் தூரம் கல்கத்தாவுக்குப் போயிருக்க?” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்த இரையை, எப்போது, எங்கே வைப்பது என்பதும் எங்களுக்கு ஒரு பாடமே.

இந்தத் துறையைப் படிக்கக் கொல்கத்தா ஏற்ற ஊர்தான். இதன் பழைய வேர்களுள் ஒன்று இங்கேயே இருக்கிறது. அலிப்பூர்க் காட்சிச்சாலை 1876இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராக இருந்த இராம பிரம்ம சன்யால் என்னும் வங்காளி, அடைபட்ட விலங்குகளைப் பேணும் முறை பற்றி 1892இல் ஒரு கையேடு எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1889இல், கல்கத்தாவில் ஒரு சுமத்திராக் காண்டாமிருகக் கன்று பிறந்தது. மனிதர் காவலில் அவ்வினத்தின் அடுத்த கன்று நல்லபடியாகப் பிறந்தது 2001இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில். இடையே 112 ஆண்டுகள்! ஒரு விலங்கை அடைத்து வைப்பது எளிது. அது அங்கே இனம் பெருக்கி வாழுமாறு செய்வது எத்துணை அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சன்யாலின் நூல் வெளிவந்து ஐம்பது ஆண்டு கழித்து, 1942இல், சுவிட்சர்லாந்தில் ஹைனி ஹெடிகர் ஒரு நூல் எழுதினார். காட்சிச்சாலை உயிரியலின் தந்தை என்று அவரையே போற்றுகிறார்கள். காட்டு விலங்கு கட்டின்றித் திரிகிறது என்பது நம் கற்பனை என்று அவர் காட்டினார். காட்டிலும் அதற்கு எல்லை உண்டு. நடக்கும் தடம் உண்டு. அயலான் இவ்வளவு தொலைவுக்குள் வந்தால் ஓடவேண்டும் என்ற கணக்கும் உண்டு. ஆகவே கூண்டு எத்தனை அடி என்று கேட்பது போதாது. அந்த அடிகளுக்குள் என்ன இருக்கிறது, மறைந்துகொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும்.

எங்களுக்கு முதலில் கற்பித்தது எழுதும் முறையை. விலங்கு ‘வருந்துகிறது’, ‘ஏங்குகிறது’ என்று எழுதக்கூடாது. கிடந்தது, நின்றது, நடந்தது, மோந்தது என்றே எழுதவேண்டும். மதுரைக் கொடிகள் கோவலனை வரவேண்டா என்று மறித்ததைத் தற்குறிப்பேற்ற அணி என்று பள்ளியில் பாராட்டிப் படித்தோமே, அந்த அணிக்கு இங்கே இடமில்லை. தமிழ் படித்த நெஞ்சுக்கு இது கடினந்தான். ஆனால், பழகப் பழக ஒன்று விளங்கியது. நம் துயரத்தை விலங்கின் மேல் ஏற்றிவிட்டால், அதன் துயரம் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

சென்ற குளிர்காலத்தில் வடவங்கத்தில் ஒரு காட்சிச்சாலைக்கு அருகே இரண்டு மாதம் தங்கி, ஒரு பெண் சிறுத்தையைக் கவனித்தேன். தேயிலைத் தோட்டம் ஒன்றில் பொறிவைத்துப் பிடிக்கப்பட்டது அது. கோரைப்பற்கள் முறிந்து போயிருந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் அது என்ன செய்கிறது என்பதைத் தாளில் உள்ள கட்டத்தில் குறிக்கவேண்டும். காலை முதல் மாலை வரை இதே வேலை. நடை, நடை, நடை, கிடை, நடை. கம்பியோரமாகப் பத்தடி சென்று, அதே கல்லருகே திரும்பி, அதே காலை முதலில் எடுத்து வைத்து வரும். அகன்ற நிலப்பரப்பில் திரியும் ஊனுண்ணிகளே அடைபட்டபோது மிகுதியாக இப்படி நடக்கின்றன என்று, ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் இருவர் 2003இல் எழுதினர். அதைப் படித்தபோது அஃது ஒரு செய்தி. கம்பிக்கு முன் அமர்ந்து எண்ணியபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

நாள்தோறும் சிறுத்தையின் கழிவையும் குப்பியில் இட்டுப் பனிக்கட்டியில் வைத்தேன். உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது சுரக்கும் கார்ட்டிசால் சிதைந்து கழிவில் வெளிப்படும். ஊசி குத்தாமல், மயக்க மருந்து கொடுக்காமல் உள்ளே நடப்பதை அறிய இது நல்ல வழி. விடுதித் தோழியர் சில நாள் என் பக்கத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர் என்பது வேறு கதை!

அங்கே ஒரு முதிய காப்பாளர் இருந்தார். நான் அவரைக் ‘காக்கு’ என்பேன். அவர் என்னை ‘மா’ என்பார். நம் ஊர்ப் பெரியவர்கள் சிறு பெண்ணை ‘அம்மா’ என்பது போலத்தான். “மா, இது பசியால் நடக்கவில்லை. வாளிச் சத்தத்துக்குக் காத்திருந்து நடக்கிறது” என்றார். தாள்களைக் கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. இறைச்சி வரும் நேரம் நெருங்க நெருங்க நடை மிகுந்திருந்தது. பிறகு, மேலிடத்தின் இசைவு பெற்று, இரை வைக்கும் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றினோம். இறைச்சியைத் துண்டுகளாக்கி மரக்கட்டைகளுக்கு இடையே மறைத்து வைத்தோம். பார்வையாளர் தலைக்கு மேலே ஒரு பரண் கட்டினோம். மூன்றாம் நாள் அது பரணில் ஏறிப் படுத்தது. நான் கட்டத்தில் ‘கிடை’ என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை; எழுதவும் கூடாது. நடை குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

என் அறைத்தோழி சட்டம் படிப்பவள். “குறைந்தது என்று மகிழ்கிறாயா? கூண்டைத் திறந்துவிடச் சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டாள். பல்லிழந்த சிறுத்தை காட்டில் மானைப் பிடிக்காது. தோட்டத்துக் குடியிருப்பில் ஆட்டைத்தான் தேடி வரும். அந்தச் சிறுத்தைக்குக் கதவைத் திறப்பது விடுதலை ஆகாது. ஆனாலும் அவள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. இத்துறையே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறது. நம் நாட்டில் 1992இல் அமைந்த மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம், யானைகளைக் காட்சிச்சாலைகளிலிருந்து அகற்றி முகாம்களுக்கு அனுப்புமாறு 2009இல் பணித்தது. மறுபுறம், 1958இல் தொடங்கிய டார்ஜிலிங் காட்சிச்சாலையில் பிறந்த சிவப்புப் பாண்டாக்கள் இரண்டை 2003இல் சிங்கலிலாக் காட்டில் விட்டனர். எதை வைத்துக்கொள்ளக் கூடாது, எதைத் திருப்பி அனுப்பலாம், திரும்ப இயலாததை எப்படிப் பேணுவது என்ற மூன்றுக்கும் உணர்ச்சி மட்டும் விடை சொல்லாது. உற்று நோக்கி எழுதிய தாள்கள் வேண்டும்.

என் துணிபு இதுதான்: தன் விலங்கைப் படிக்காத காட்சிச்சாலைக்கு அதை அடைத்து வைக்கும் உரிமை இல்லை. அடைத்தவர்கள் நாம், ஆகவே அறிய வேண்டிய கடனும் நம்முடையது.

தோழர்களே, குளிர்கால விடுமுறையில் நீங்களும் நண்பர்களோடு காட்சிச்சாலைக்குப் போவீர்கள். போனால், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். கம்பியைத் தட்டாதீர்கள், கூவி அழைக்காதீர்கள். ஏதேனும் ஒரு விலங்கின் முன் அரைமணி நேரம் பேசாமல் நில்லுங்கள். அது என்ன செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு மாதம் நான் செய்ததும் அவ்வளவே.