கூரைப் பணத்தில் ஒரு கார்

நாற்பது கடந்தபின் வேகமான காரொன்றில் ஆசை கொள்வது ஆசிரியத் தொழிலுக்கு அழகோ எனக் கேட்பாருளர். யாமும் எம்மையே கேட்டுக்கொண்டோம். எமது மாருதி 800 ஏ9 வீதியில் லொறியை முந்த முயலும்போதெல்லாம் இல்லாள் நல்லூர்க் கந்தனை அழைப்பாள். மூன்று சிலிண்டர் என்ன செய்யும், பாவம்! 2020 முதல் 2025 வரை நீடித்த இறக்குமதித் தடைக்குப் பின்னர் புதிய வண்டியோ எட்டாக்கனி. ஆகவே பழைய டொயோட்டா ஸ்டார்லெட் ஜீ.டி. ஒன்றைத் தேடினோம். 1331 சீ.சீ. எஞ்சின்தான், எனினும், எரிந்து வெளியேறும் வாயுவாற் சுழலும் டேர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் 135 பரிவலு!

முதலிற் கண்டது கண்ணாடிபோல் மின்னியது. எமது மெக்கானிக்கோ, "மாஸ்டர், பெயின்ற்றை விடுங்கோ, புகையைப் பாருங்கோ" என்றார். நீலப் புகை, எண்ணெய் எரிகிறது. கூரை திருத்த வைத்த பணம் அன்று தப்பியது. மறுமாதம், வெயிலில் வெளுத்த மற்றொன்றை அப்பணத்திலேயே வாங்கி, டைமிங் பெல்ட்டையும் பிறேக்கையும் முதலில் மாற்றினோம்.

நெடும்பயணம் முடிந்தால் டேர்போ ஆறுமட்டும் எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டே நிறுத்துகிறோம். "இஞ்சருங்கோ, இன்னும் இறங்கேல்லையோ?" என்று படலையில் நிற்கிறாள் இல்லாள். மாரிக்கு முன் கூரைக்கு வழி பார்க்கவேண்டும்.