யார் பெரிய வீராங்கனை?

மில்லர்புரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. பி.டி. உஷாவா, மேரி கோமா, சிந்துவா, யார் பெரிய ஆள்? ஓட்டத்தையும் குத்துச்சண்டையையும் பேட்மிண்டனையும் எந்தத் தராசில் நிறுப்பது? பதக்கத்தை எண்ணலாம் என்றாள் ஒருத்தி.

நாங்கள் இன்னும் இரண்டு பெயர்களைச் சொன்னோம்.

வந்தனா கட்டாரியா, 2021 டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அரையிறுதியில் அணி தோற்றதும் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி ஏசினார்கள்.

புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சவுந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள்.

2009இல் காஸ்டர் செமன்யாவுக்கும் சோதனை நடந்தது. அவருடைய நாடு அவர் பக்கம் நின்றது. தங்கம் அவரிடமே இருந்தது. சாந்தியோ 2012இல் மறுபடியும் செங்கல் சூளையில் நின்றார். இருவரும் ஓடியது அதே 800 மீட்டர்தான். பின்னால் நின்ற ஆட்கள்தான் வேறு.

"அக்கா, நாங்க ஓடுனா நீங்க கூட நிப்பியளா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

பதக்கத்தை எண்ணுவதற்கு முன்னால் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.