பக்கத்து வாசலில் ஒரு அடி

என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் இருக்கிறார்கள். பேரனுக்கு அப்போது ஆறு மாதம். போன ஆகஸ்டில் ஒத்தாசைக்காக நானும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன்.

794-லிருந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் பேரரசர்களின் தலைநகரமாக இருந்த ஊர் அது. கோயில்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் எனக்குப் பாடம் சொல்லித் தந்தது ஒரு துடைப்பம்!

பெண் குடியிருப்பது பழைய மர வீடுகள் உள்ள ஒரு சந்து. வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீளம். இந்த வீடுகளை அங்கே ‘விலாங்கு மீனின் படுக்கை’ என்பார்களாம். காலையில் வாசலைப் பெருக்குகிறார்கள். வெயில் நாளில் தண்ணீரும் தெளிக்கிறார்கள். புழுதியும் அடங்கும், சூடும் தணியும். கோலம் ஒன்றுதான் பாக்கி!

பக்கத்து வீட்டில் வயதான அம்மாள் ஒருவர், தனியாக இருக்கிறார். பாவம் என்று ஒருநாள் அவர் வாசலையும் முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். பெண் பதறி வந்தாள்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?”

“வயசானவங்களுக்கு உதவி செய்தா தப்பா?”

“இங்கே பக்கத்து வாசல்ல ஒரு அடி பெருக்கினாப் போதும்மா. ஒண்ணுமே பெருக்கலைன்னா ஒட்டாத மனுஷங்கன்னு ஆயிடும். முழுக்கப் பெருக்கினா அவங்களுக்குப் பாரம். பதிலுக்கு என்ன செய்யறதுன்னு தவிப்பாங்க.”

அப்படியே ஆயிற்று. சாயங்காலம் அந்த அம்மாள் குனிந்து வணங்கி ‘ஷிபாஸுகே’ கொண்டுவந்து கொடுத்தார். கத்தரிக்காயைச் சிவப்பு ஷிஸோ இலையோடு உப்பில் ஊறவைக்கும் கியோட்டோ ஊறுகாய் அது. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. வந்த நாளாய்ப் பெண்ணின் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றியது நான். குழந்தையைக் குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நானே. “நான் பாத்துக்கறேம்மா” என்று அவள் சொன்னதெல்லாம் காதில் ஏறவே இல்லை. அவள் வாசலையும் முழுக்கப் பெருக்கிவிட்டேனே!

மறுநாள், “இன்னிக்கு நீயே குளிப்பாட்டு, நான் துண்டோட நிக்கறேன்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் என்னிடம் நீட்டினாள். அன்று வெகுநாள் கழித்து என்னோடு சிரித்துப் பேசினாள்.

ஆகஸ்ட் 24-ஐ ஒட்டிச் சந்துகளில் ‘ஜிஸோ-போன்’ விழா. குழந்தைகளைக் காக்கும் ஜிஸோ சாமிக்குச் சிவப்புத் துணி கட்டி, படையல் வைக்கிறார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து நீளமான ஜெபமாலையைக் கைமாற்றிச் சுற்றுகிறார்கள். அவரவர் பெயர் எழுதிய காகித விளக்குகளும் தொங்கும். பக்கத்து வீட்டு அம்மாள் முன்கூட்டியே வந்து பேரன் பெயரைக் கேட்டுப் போயிருந்தார். விளக்குகளில் அவனுடையதும் ஒன்று!

பெண் வீட்டுக்குப் போகும் சகோதரிகளே, துடைப்பத்தை எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!