ஊஸ் நதிக்கரையில் யார்க்

லண்டனில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். இங்கிலாந்தும் பிரிட்டனும் ஒன்றுதானா? ரோமானியர்கள் அவ்வளவு தூரம் ஏன் போனார்கள்? வைக்கிங்குகள் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்களா, அங்கேயே தங்கினார்களா? எப்போதும் மழைதானா? லண்டனை விட்டால் எந்த ஊரைப் பார்க்கலாம்? கடைசிக் கேள்விக்கு என் பதில் யார்க். மற்றக் கேள்விகளுக்கும் அந்த ஊரிலேயே பதில் கிடைக்கும்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் எடின்பரோ பக்கம் போகும் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்; சுமார் 300 கிலோமீட்டர். வழியில் மலை என்று சொல்லும்படி எதுவும் வராது. மேற்கே பென்னைன் மலைத்தொடர், வடகிழக்கே நார்த் யார்க் மூர்ஸ் என்னும் மேட்டுநிலம், இரண்டுக்கும் நடுவே தெற்கு வடக்காக நீளும் சமவெளி. தெற்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிழக்கு வழியாகப் போகும் படைக்கும் சரி, பிற்காலத்து ரயிலுக்கும் சரி, அதுதான் சுலபமான பாதை. அந்தச் சமவெளியில் ஊஸ் நதியும் ஃபாஸ் என்னும் சிற்றாறும் கூடுகின்றன. ஊஸ் ஹம்பர் கழிமுகம் வழியாக வடகடலில் கலக்கிறது. 1757-இல் நேபர்னில் மதகு கட்டும்வரை கடல் ஓதம் ஊர்வரை ஏறி வந்தது. காவலுக்கு இரண்டு ஆறுகள், கடலுக்கு ஒரு நீர்வழி. யார்க் அங்கே உருவானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கி.பி. 71-இல் வடநாட்டுப் பிரிகான்டிஸ் குலத்தவரை அடக்க வந்த ரோமானியரின் ஒன்பதாம் படையணி இங்கே கோட்டை கட்டியது. எபோராக்கம் என்று பெயர். பேரரசின் வட எல்லைக்குப் பின்னால் நின்ற இந்தப் படைநகரில் இரண்டு பேரரசர்கள் இறந்திருக்கிறார்கள்: 211-இல் செப்டிமியஸ் செவரஸ், 306-இல் கான்ஸ்டான்டியஸ். இரண்டாமவர் இறந்ததும் படைவீரர்கள் அவர் மகனை இங்கேயே பேரரசராக அறிவித்தார்கள். அந்த மகன்தான் கான்ஸ்டன்டைன். பேரரசில் கிறிஸ்தவத்துக்கு இடம் கொடுத்தவர், கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராக்கியவர். யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்கு வெளியே இன்று அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. பேராலயத்தின் அடித்தளத்துக்கு இறங்கினால் ரோமானியப் படைத் தலைமையகத்தின் சுவர்களைப் பார்க்கலாம். பெரும் கோபுரம் சரியும் நிலைக்கு வந்ததால் 1967 முதல் 1972 வரை அஸ்திவாரத்தைப் பலப்படுத்தத் தோண்டினார்கள். அப்போது வெளிப்பட்டவை அவை.

ரோமானியர் போனபின் ஆங்கிள்கள் வந்தார்கள். 627-இல் அவர்களின் அரசர் எட்வின் ஞானஸ்நானம் பெறுவதற்காக இங்கே ஒரு மரத் தேவாலயம் எழுந்தது. இன்றைய யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் தொடக்கம் அதுவே. 866-இல் வைக்கிங்குகள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் தங்கினார்களா என்ற கேள்விக்குக் காப்பர்கேட் தெருவில் பதில் கிடைத்தது. 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் ஒரு வைக்கிங் தெருவே வெளிவந்தது. காற்றுப் புகாத ஈர மண்ணில் மரமும் தோலும் துணியும் அழியாமல் கிடந்தன. கிண்ணம் கடைந்தவரின் மரத்துண்டுகள், செருப்புத் தைத்தவரின் தோல், கொம்பில் அறுத்த சீப்புகள், ஒரு பட்டுத் தொப்பி. கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவன் வேலி போட்டுப் பட்டறை வைக்கமாட்டான். அவர்கள் குடும்பத்தோடு குடியேறி, தொழில் செய்து, தூரதேசத்துப் பொருள் வாங்கி வாழ்ந்திருக்கிறார்கள். தோண்டிய இடத்திலேயே 1984-இல் யோர்விக் காட்சியகம் திறந்தது. அங்கே வாள்களைத் தேடாதீர்கள்; சீப்புகளையும் செருப்புகளையும் நின்று பாருங்கள்.

1066 என்றால் எல்லோருக்கும் ஹேஸ்டிங்ஸ் போர் நினைவுக்கு வரும். அதில் இங்கிலாந்து தோற்றதற்கு ஒரு பெரிய காரணம் யார்க் பக்கத்தில் இருக்கிறது. செப்டம்பர் 20-இல் ஊருக்குத் தெற்கே ஃபுல்ஃபோர்டில் நார்வே அரசரின் படை வடநாட்டுப் படையைத் தோற்கடித்தது. இங்கிலாந்து அரசர் ஹரால்டு தெற்கிலிருந்து விரைந்து வந்து, 25-ஆம் தேதி ஊருக்குக் கிழக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வேக்காரர்களை அழித்தார். மூன்றாம் நாள் நார்மண்டி வில்லியம் தென்கரையில் வந்து இறங்கினார். களைத்த படையைத் திருப்பிக்கொண்டு ஓடிய ஹரால்டு அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸில் விழுந்தார். வடக்கு பணியாதபோது 1069-70 குளிர்காலத்தில் வில்லியம் ஊர்களை எரித்து, விளைச்சலை அழித்து, மக்களைப் பட்டினியில் சாகவிட்டார். கோட்டைகளைப் பார்த்து வியக்கும் பயணிகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைவிடக் கசப்பான இடம் ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. உயரமான மண்மேட்டின்மேல் நிற்கும் கிளிஃபோர்ட்ஸ் டவர். இப்போதுள்ள கல்கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டினுடையது. அதற்கு முன் அதே மேட்டில் மரக்கோட்டை இருந்தது. 1190 மார்ச் மாதம் ஊரில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது ஏறக்குறைய 150 யூதர்கள் அந்த மரக்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். வெளியே கும்பல் முற்றுகையிட்டது. கும்பலை நடத்தியவர்களில் சிலர் யூதர்களிடம் கடன் வாங்கியிருந்த பிரபுக்கள். மார்ச் 16 இரவு, தப்ப வழியில்லை என்று கண்டு உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். மதம் மாறினால் விட்டுவிடுவோம் என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களையும் கொன்றார்கள். பிறகு கும்பல் பேராலயத்துக்குப் போய், அங்கே பாதுகாப்பில் இருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. மத வெறி என்று நாம் சொல்வதற்குள் எத்தனை கணக்கு வழக்கு ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அடுத்த நூறாண்டில், 1290-இல், முதலாம் எட்வர்டு யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார். மேட்டின் அடியில் நினைவுக் கல் ஒன்று வைக்க 1978 வரை ஆயிற்று. பேருந்தில் வரும் குழுக்கள் கோபுரத்தைப் படம் பிடித்துவிட்டுப் போய்விடுகின்றன. நீங்கள் அந்தக் கல்லைப் படித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

இங்கிலாந்தும் பிரிட்டனும் ஒன்றா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒன்றல்ல. இங்கிலாந்து ஒரு நாடு. ஸ்காட்லாந்து வேறு நாடு. இரண்டும் நெடுங்காலம் போரிட்டன. 1298 முதல் 1304 வரை ஸ்காட்லாந்துப் போருக்காக அரசாங்கக் கருவூலமும் நீதிமன்றங்களுமே லண்டனிலிருந்து யார்க்குக்கு இடம் மாறின. 1603-இல் ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் இங்கிலாந்து முடியையும் ஏற்கத் தெற்கே போனபோது யார்க்கில் தங்கித்தான் போனார். முடி ஒன்றானாலும் நாடாளுமன்றங்கள் இணைய 1707 வரை ஆயிற்று. அப்போதுதான் கிரேட் பிரிட்டன் என்ற அரசு பிறந்தது.

இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்கள் பற்றியும் பலருக்குக் குழப்பம். யார்க், லங்காஸ்டர் என்பவை அரச குடும்பத்தின் இரு கிளைகளின் பட்டப்பெயர்கள். இரண்டு ஊர்கள் மோதிக்கொண்ட போர் அல்ல. 1460-இல் தோற்ற யார்க் பிரபு ரிச்சர்டின் தலையை யார்க் நகரின் மிக்கல்கேட் கோட்டைவாயிலிலேயே நட்டுவைத்தார்கள். அமெரிக்காவின் நியூயார்க் 1664-இல் பெயர் பெற்றதும் ஒரு யார்க் பிரபுவை வைத்துத்தான்.

பேராலயத்தைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். ஏறக்குறைய 1220-இல் தொடங்கி 1472-இல் முடிந்த கட்டடம். கிழக்குப் பெருஞ்சாளரத்தை மட்டுமாவது பொறுமையாகப் பாருங்கள். ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405 முதல் 1408 வரை செய்தது. ஒரு டென்னிஸ் மைதான அளவு. உலகின் தொடக்கமும் முடிவும் முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடித் தகடுகளில் இருக்கின்றன. 1644-இல் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படை ஊரைக் கைப்பற்றியபோது, யார்க்ஷயர்க்காரரான தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் இந்தக் கண்ணாடிகளில் கைவைக்க வீரர்களை விடவில்லை. பிற ஊர்களில் இவ்வகைக் கண்ணாடிகள் பல நொறுங்கின. 1984 ஜூலையில் தீப்பிடித்துத் தெற்குச் சிறகின் கூரை எரிந்தது. அங்கிருந்த ரோஜாச் சாளரம் எண்ணற்ற விரிசல் விட்டும் கீழே விழவில்லை.

நகர மதில் சுமார் 3.4 கிலோமீட்டர். இங்கிலாந்தின் ஊர் மதில்களில் இவ்வளவு நீளமாக எஞ்சியது வேறில்லை. 1800 வாக்கில் நகர நிர்வாகமே இதை இடித்துவிட நினைத்தது. யார்க்கில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி உள்ளிட்டோர் விடாமல் போராடி அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். மதில்மேல் நடக்கக் கட்டணமில்லை; இரண்டு மணி நேரம் போதும். சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி இருக்காது, குழந்தைகளைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிழக்கே மதில் விட்டுப்போன இடம் உண்டு. ஃபாஸ் ஆற்றைத் தேக்கியதால் ஏரியும் சதுப்புமாகக் கிடந்த அந்தப் பக்கத்துக்கு நீரே காவல். எல்லோரும் போய் மொய்க்கும், முன்பு கசாப்புத் தெருவாக இருந்த ஷாம்பிள்ஸைக் காலை எட்டு மணிக்கு முன் பார்த்துவிடுங்கள்.

எனக்கு யார்க்கின்மேல் மதிப்பு கூடியது அரசர்களால் அல்ல. குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரால். அரசாங்கப் பதவிகளும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்களும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன; அதனால் வியாபாரத்தில் இறங்கினார்கள். 1725-இல் மேரி டியூக் என்ற பெண் இங்கே மளிகைக் கடை வைத்தார். அந்தக் குடும்பத்தில் வந்த வில்லியம் டியூக், ஊரின் மனநோயாளர் காப்பகத்தில் ஒரு குவேக்கர் பெண் 1790-இல் இறந்த விதம் பொறுக்காமல், 1796-இல் ரிட்ரீட் என்ற மருத்துவமனையைத் திறந்தார். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி அடிப்பதையே சிகிச்சை என்று நம்பிய காலம். ரிட்ரீட்டில் சங்கிலி இல்லை. தோட்டம், வேலை, உபசரிப்பு, மரியாதையான பேச்சு. மனநல மருத்துவத்தின் போக்கை மாற்றிய இடங்களில் அது ஒன்று.

அதே டியூக் குடும்பத்தின் கோகோ வியாபாரத்தை 1862-இல் ஹென்றி ரௌன்ட்ரீ வாங்கினார். அண்ணன் ஜோசப் பிறகு சேர்ந்துகொண்டார். 1935-இல் வேறு பெயரில் வந்து, 1937-இல் கிட்கேட் ஆன மிட்டாய் இந்த ஆலையினுடையது. போட்டி நிறுவனமான டெர்ரியும் இதே ஊரில்தான் இருந்தது. ஆனால் ரௌன்ட்ரீ குடும்பத்தின் பெரிய காரியம் சாக்லேட் அல்ல. ஜோசப்பின் மகன் சீபோம் 1899-இல் யார்க்கின் உழைக்கும் குடும்பங்களை வீடுவீடாகக் கணக்கெடுத்தார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். வாடகை எவ்வளவு, கூலி எவ்வளவு, எத்தனை வாய்கள், என்ன சாப்பாடு. 1901-இல் வெளிவந்த முடிவு: ஊர் மக்களில் ஏறக்குறைய 28 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். சோம்பலும் குடியும்தான் வறுமைக்குக் காரணம் என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வேலை இருந்தும் கூலி போதாததுதான் பெரிய காரணம் என்று கணக்கு காட்டியது. அடுத்த ஆண்டுகளில் வந்த முதியோர் ஓய்வூதியம் போன்ற சீர்திருத்தங்களுக்கு இந்தக் கணக்கெடுப்பும் பக்கபலமாக இருந்தது. லண்டன் காலராவின் காரணத்தைத் தண்ணீர்க் குழாயடியில் கண்டுபிடித்த மருத்துவர் ஜான் ஸ்னோவும் 1813-இல் யார்க்கில் பிறந்தவர்தான். ஏழைகளின் நிலையை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இந்த ஊரின் காற்றிலேயே இருந்ததோ என்று எனக்குத் தோன்றும்.

இனி பயணிக்கு வேண்டியவை. யார்க்கில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர்தான். மேற்கிலிருந்து வரும் மேகத்தைப் பென்னைன் மலை தடுத்துவிடுகிறது. அதனால் ஊருக்குக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். மலையில் பெய்யும் மழையெல்லாம் ஊஸில்தான் இறங்குகிறது. 2000 நவம்பரில் ஆறு வழக்கமான மட்டத்துக்கு மேல் 5.4 மீட்டர் ஏறியது. 2015 டிசம்பரில் ஃபாஸ் தடுப்பு மதகின் இறைப்பு நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, மதகைத் தூக்க நேர்ந்து, அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மூழ்கின. குளிர்காலத்தில் போனால் ஆற்றோரத்து விடுதியைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்குக்குள் இருட்டிவிடும். ஏப்ரல் முதல் வாரங்களில் போனால் மதிலின் சரிவெல்லாம் மஞ்சள் டாஃபடில் பூக்கள்.

ரயில் பிரியர்கள் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நாள் முழுக்க இருக்கலாம்; கட்டணமில்லை. 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களின் வேகச் சாதனை படைத்த மல்லார்டு அங்கேதான் நிற்கிறது. பெட்டிஸ் தேநீர் விடுதியின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய கண்ணாடி உண்டு. இரண்டாம் உலகப் போரில் சுற்றுவட்டாரத் தளங்களிலிருந்து பறந்த விமானப்படை இளைஞர்கள், பலர் கனடாக்காரர்கள், வைரமுனையால் அதில் தங்கள் பெயரைக் கீறிவைத்தார்கள். திரும்பி வராதவர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. யார்க்ஷயர் புட்டிங் இனிப்பு என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்; மாவும் முட்டையும் பாலும் கலந்து சுட்டது, இறைச்சியோடு தருவார்கள். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் யார்க்குக்குக் கொடுப்பது அரை நாள். அது பேராலய வாசலில் நின்று படமெடுக்கத்தான் போதும். லண்டனில் இரண்டு நாளைக் குறைத்துக்கொண்டு, யார்க்கில் இரண்டு இரவு தங்குங்கள்.