தீகவாபியில் ஒரு நாள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக நீண்டு கிடக்கும் நிலத்தின்மீது செல்கின்றது. இதனை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நாடு படுவான்கரை. மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், வரலாறு பயிலும் மாணவர் சிலருடன் நாம் கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். கல்முனைப் பக்கத்தோடு வாவி முடிந்தது. விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவையும் நிந்தவூரையும் தாண்டியபின் உள்நாட்டு வழியிலே திரும்பினோம்.

எங்கும் நெல்வயல். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வளமூட்டிய பூமி இது. ஆயினும் இங்கு நீர் தேக்கியோர் அதற்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரும் இருந்தனர். தீகவாபி என்னும் பாலிச் சொல்லுக்கு நெடுங்குளம் என்பதே பொருள். துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இங்கே விகாரையும் தூபியும் எழுப்பினான் என்று மகாவம்சம் கூறுகின்றது. புத்தபிரான் வந்திருந்த தலமென்பதும் அந்நூல் தரும் செய்தி.

பாதணிகளைக் கழற்றிவிட்டுப் பெருந்தூபியை வலம் வந்தோம். அகன்று தடித்த பழஞ்செங்கற்கள். சூழவும் துறவியர் வாழ்ந்த கட்டடங்களின் அடித்தளங்கள். மாணவன் ஒருவன் புல்லிடையே கிடந்த செங்கற்றுண்டைக் கையிலெடுத்து, "ஐயா, இவையெல்லாம் அவர்களுடையவை அல்லவா? எமக்கு இதில் என்ன உண்டு?" என்று வினவினான்.

அவ்வினா அவனுடையது மட்டுமன்று. இன்று கிழக்கிலே பழஞ்சின்னம் ஒன்று வெளிப்படும்போதெல்லாம் எழுகின்ற வினா அது. அடித்தளம் ஒன்றின் அருகே நிழலில் அமர்ந்து விடை கூறினோம்.

இதே அம்பாறை மாவட்டத்தில் குடுவில் என்னும் இடத்தில் பழைய பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. தீகவாபி வணிகரைக் குறிப்பிடும் அக்கல்வெட்டில் 'தமேட' என்னும் சொல்லும் வருகின்றது. தமிழர் என்பதன் பிராகிருத வடிவம் அது. தீகவாபி செழித்த நாளில் தமிழரும் இப்பகுதியில் வாழ்ந்தனர். பௌத்தத் துறவியர்க்கு ஈந்தோர் வரிசையிலும் நின்றனர். மணிமேகலையைத் தந்த மொழி நமது. பாலியில் நூல் செய்த புத்ததத்த தேரர் உறையூரினர். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தவன் சிவபாதசேகரன் எனப் பெயர்பூண்ட முதலாம் இராசராசன்.

அந்நாகபட்டினத்திலே பௌத்த விகாரையொன்றின் எச்சமெனக் கருதப்பட்ட செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. தமதென்று சொல்லிக் காப்பார் இல்லாத சின்னத்துக்கு நேரும் கதி அதுவே. "அவர்களுடையது" என்று நாம் ஒதுங்கினால், நம் முன்னோர் இங்கு வாழ்ந்த செய்தியையும் நாமே கைவிட்டவராவோம். "எம்முடையது மட்டுமே" என்று பிறர் கொள்ளின், அக்கல்வெட்டின் ஒரு சொல்லை அவர் படியாது விட்டவராவர்.

மாணவன் மறுமொழி பகரவில்லை. கையிலிருந்த துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

பிள்ளைகளோடு அங்கே செல்ல விரும்புவோர் வெயில் ஏறுமுன் செல்லுதல் நன்று. பார்த்து வாருங்கள், ஒரு சிறு ஓட்டையும் எடுத்து வாராதீர்கள். திரும்பும்போது எமக்கு முன்னே வாவி செவ்வானத்தை ஏந்திக் கிடந்தது. எழுவானுக்கும் படுவானுக்கும் நடுவே இருக்கும் நீர் ஒன்றுதானே!