ஓசூரும் ஒரகடமும் ஒன்ராறியோ வீதியில்



நெடும்பயண மோட்டார் சைக்கிள் வாங்க விரும்பும் நம் இளையோர் சிலர், “பாதர், பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் நல்லதா, றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் நல்லதா?” என்று வினவுகின்றனர். அவர்களுடைய அன்னையரோ, “இரண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கோ” என்கின்றனர். முன்னதை நான்கு கோடைகள் ஓட்டியபின் விற்று, பின்னதை இப்போது மூன்றாவது கோடையாக ஓட்டுபவன் என்ற முறையில் இரு தரப்பாருக்கும் எழுதுகிறேன்.

ஒன்றின் பெயர் செருமனியது. மற்றதன் பெயர் இங்கிலாந்தினது. எனினும் இரண்டும் தமிழ்நாட்டில் உருவானவை. பி.எம்.டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் 2013இல் செய்த உடன்பாட்டின் பயனாக ஜிஎஸ் ஓசூரில் தயாரானது. 2016இல் அறிமுகமான ஹிமாலயன், சென்னையை அடுத்த ஒரகடம் வட்டாரத்தைச் சேர்ந்தது. நான் கூறுவது அந்த 411 சிசி வண்டியைப் பற்றி. 2023இல் வந்த 452 சிசி ஹிமாலயன் முற்றிலும் வேறானது.

ஜிஎஸ்ஸின் 313 சிசி இயந்திரம் 34 குதிரைவலு தரும். ஆனால் அந்த வலுவைப் பெற நிமிடத்துக்கு 9,000 சுழற்சிக்கு மேல் செல்ல வேண்டும். ஹிமாலயனுக்கு 24 குதிரைவலுவே உண்டு; அதன் இழுவிசையோ 4,000 சுழற்சியை அண்டியே முழுமையாகக் கிட்டிவிடும். 400ஆம் நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றுடன் கனரக வாகனங்களை முந்த ஜிஎஸ்ஸால் இயலும், ஹிமாலயன் திணறும். ஆகையால் மிட்லண்ட் மறைசாட்சிகள் திருத்தலத்துக்கு நான் 27ஆம் வீதி வழியே, ஸ்கொம்பேர்க், குக்ஸ்ரவுன், எல்ம்வேல் ஊடாகச் செல்கிறேன். நேரம் கூடும், சரளைப் பாதையிலும் 21 அங்குல முன்சக்கரம் தடுமாறாது. 15 லீற்றர் தாங்கி கவலையின்றிக் கொண்டு சேர்க்கும். ஜிஎஸ்ஸுக்கு 11 லீற்றர்தான்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வாழ்ந்தவர்கள், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டார்கள். ஊசிமுறை எரிபொருள் கொண்ட இவ்விரு வண்டிகளும் அதற்கு இணங்கா. ஆயினும் ஹிமாலயனின் வால்வு இடைவெளியை ஒரு ஸ்பானரும் அளவுத் தகடும் கொண்டு வீட்டிலேயே சரிசெய்யலாம். ஜிஎஸ்ஸில் சிறு வில்லைகளை அளந்து மாற்ற வேண்டும். அதற்குப் பணிமனையே தகும்.

இவை அனைத்தையும்விட முக்கியமான வினா ஒன்றுண்டு: வண்டி சாய்ந்தால் தனியே நிமிர்த்த முடியுமா? ஜிஎஸ் 20 கிலோவுக்கு மேல் இலேசானது. ஆனால் அதன் இருக்கை 835 மில்லிமீற்றர் உயரம். ஹிமாலயனின் இருக்கை 800. குள்ளமான எனக்குக் கால் நிலத்தில் ஊன்றும். சாய்ந்தபின் தூக்க எளிதானது ஜிஎஸ். சாயாமல் காக்க எளிதானது ஹிமாலயன். நான் இரண்டாவதைத் தெரிந்தேன்.

இருப்பினும் ஒவ்வொரு சித்திரையிலும், பயணங்களைத் தொடங்குமுன், புல்தரையில் வண்டியைப் படுக்கவைத்து, இருக்கைக்கு முதுகு கொடுத்து, கால்களின் வலுவால் நிமிர்த்திப் பார்க்கிறேன். இவ்வாண்டு முதல் முயற்சியில் எழவில்லை; இரண்டாவதில் எழுந்தது. இரண்டிலும் எழாத ஆண்டில் சாவியை இன்னொருவரிடம் ஒப்படைப்பேன். அறுபதைக் கடந்த வாசகரும் இச்சோதனையைச் செய்து பாருங்கள்.

அன்னையரே, ஒன்ராறியோவில் எம்1 உரிமம் 90 நாள்களுக்கே செல்லும். அக்காலத்தில் இருளில் ஓட்டவோ, பின்னால் ஒருவரை ஏற்றவோ, 400 வரிசை நெடுஞ்சாலைகளில் நுழையவோ அனுமதியில்லை. பிள்ளையைத் தடுப்பதைவிட, பயிற்சி வகுப்புக்கும் தரமான தலைக்கவசத்துக்கும் பணம் கொடுங்கள்.

இளையோரே, விரைவுச் சாலையில் நாளாந்தம் செல்வோருக்கு ஜிஎஸ். கிராமப் பாதையும் பொறுமையும் உள்ளோருக்கு ஹிமாலயன். எதை வாங்கினும் இருவராகச் செல்லுங்கள். விழும்போது தூக்கிவிடத் துணையற்றவனின் நிலையைச் சபை உரையாளர் நூலின் 4ஆம் அதிகாரம் பேசுகிறது. பயணத்துக்கு முன் அதை வாசியுங்கள். புறப்படும் நாளில் ஆலயத்துக்கு வாருங்கள். வண்டியையும் உங்களையும் மந்திரித்து அனுப்புகிறேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை