கோட்டை போனது, மெட்டு இருக்கிறது

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே கெடிலம் ஆற்றோரம் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1690-ல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய கோட்டை அது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சில ஆண்டுகள் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1758-ல் பிரெஞ்சுப் படை இதையும் பிடித்துத் தகர்த்துவிட்டது.

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் பீரங்கியோடு பேண்டு வாத்தியமும் போனது. பின்னாளில் சென்னைக் கோட்டையில் அந்த பேண்டைக் கேட்டவர்களில் ஒருவர் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர். அப்போது அவர் குடும்பம் மணலி ஜமீன் ஆதரவில் இருந்தது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். அண்ணனுக்கு மெட்டுகள் பிடித்துப்போயின. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். ஏறத்தாழ 40 கிடைத்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று ‘சக்தி ஸஹித கணபதிம்’. பாட்டு கற்கும் பிள்ளைகள் பலரும் பாடியிருப்பார்கள். வால்ட்ஸ் நடனம் போலவே மூன்று மூன்றாக விழும் தாளம். மூல மெட்டின் பெயர் ‘வூலே வூ தான்ஸே’. ‘ஆட வருகிறீர்களா?’ என்று ஒரு பெண்ணைக் கேட்கும் பிரெஞ்சு வாக்கியம். அந்த மெட்டில் நம் பிள்ளையார் வந்து உட்கார்ந்துகொண்டார்! கோட்டையை உடைத்ததும் பிரெஞ்சு, மெட்டின் பெயரும் பிரெஞ்சு என்பது வேடிக்கைதான்.

1905-ல் சுப்பராம தீட்சிதர் தம் பாடநூலில் நோட்டுஸ்வரங்களை அச்சிட்டார். ஆனால் இவற்றின் மூல மெட்டுகள் பற்றிப் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் அவற்றை ஆராய்ந்து, பாடல்களை ‘விஸ்மயா’ என்ற தொகுப்பாக வெளியிட்ட பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடலூரிலிருந்து தெற்கே சுமார் 45 கி.மீ. போனால் சிதம்பரம். இங்கும் தீட்சிதர் ஒரு நடனத்தைத்தான் பாடினார். பஞ்சபூதத் தலக் கீர்த்தனைகளில் ஆகாயத்துக்கு உரிய ‘ஆனந்த நடன ப்ரகாசம்’, கேதார ராகம். நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில் அமைந்தவை. கேதாரமும் அந்த சங்கராபரணத்தில் பிறந்த ராகமே. நடராஜர் சன்னிதியில் ஒன்றை முணுமுணுத்துவிட்டு, கரணச் சிற்பங்கள் நிறைந்த கோபுர வாசலில் நின்று மற்றதையும் பாடிப் பார்க்கலாம். மகா சிவராத்திரியை ஒட்டிப் போனால், 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலியையும் பார்க்கலாம்.